விளக்கெண்ணெய்க் கட்டு: பெட்டியில் வருவதும் எம்.சி. ரோட்டில் கிடைப்பதும்

'கேஸ்டர் ஆயில் பேக்' என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படும் விளக்கெண்ணெய்க் கட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி, சென்னை தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அம்மாவுக்கு நாள்பட்ட மலச்சிக்கல். எனக்கு மாதவிடாய் நாட்களில் அடிவயிற்று வலி. இவ்விரண்டுக்கும் அது எவ்வளவு உதவியது, கொடுத்த விலைக்குத் தகுமா என்பதை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்; நான் பார்த்தவரை, எந்தப் பெயரில் வந்தாலும் பெட்டிக்குள் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்.

அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் கால் லிட்டர் எண்ணெய், இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை, பட்டையின் உட்புறம் வைப்பதற்கு மடித்துத் தைத்த ஃபிளானல் துணி, எண்ணெய் வெளியே வராதிருக்க ஓர் உறை, பயன்படுத்தும் முறையைச் சொல்லும் சிறு தாள் ஆகியவை வந்தன. விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி இருந்தது. பட்டையின் தையல் நன்றாகவே இருக்கிறது. பருத்த உடம்புக்காரரான அம்மாவுக்கும் மெலிந்த எனக்கும் அதே பட்டை பொருந்துகிறது. ஆனால் உறை விளம்பரத்தில் சொன்னபடி உழைக்கவில்லை. விளக்கெண்ணெய் நல்லெண்ணெயைப் போல ஓடாது, கரண்டியிலிருந்து நூலாக இழுத்துக்கொண்டுதான் இறங்கும். அத்தனை கெட்டியான எண்ணெயும்கூட, வெந்நீர்ப் பையின் சூடு பட்டு இளகியதும், ஒருக்களித்துப் படுத்தால் ஓரத் தையல் வழியே கசிந்து நைட்டியிலும் பாயிலும் இறங்கிவிடுகிறது. சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தாலும் கறை முழுமையாகப் போவதில்லை. பழைய துணியை விரித்துக்கொண்டு மல்லாந்து படுப்பதே வழி.

முறை எளியது. துணியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது இழைகளில் இறங்கும்வரை விட்டு, வயிற்றின் மேல் பரப்பிப் பட்டையைக் கட்டி, அதன் மேல் வெந்நீர்ப் பையை வைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கோடைக்காலத்தில், குளிர்சாதன வசதி இல்லாத நம் பகுதி வீடுகளில், பகல் வேளையில் இதைத் தாங்க முடியாது. கடற்காற்று வந்த பிறகு, இரவு உணவுக்கு முன் செய்வதே உடம்புக்கு ஒத்துப்போகிறது.

அம்மாவுக்குக் கிடைத்த பலனை முதலில் சொல்கிறேன். கழிவறைக்குச் செல்லும் நாட்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் முக்குவது குறைந்தது, முழுதாகக் கழிந்த நிறைவு இருப்பதாக அவரே சொன்னார். வியப்பு என்னவென்றால், 2011-இல் வெளியான துருக்கி நாட்டு ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது. மலச்சிக்கல் உள்ள 35 முதியவர்களுக்கு மூன்று நாட்கள் விளக்கெண்ணெய்க் கட்டுப் போட்டுப் பார்த்ததில், மலம் கழித்த எண்ணிக்கையும் அளவும் மாறவில்லை. மலத்தின் இறுக்கமும் முக்கலும் குறைந்து, நிறைவுணர்வு கூடியது. இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் முதியோருக்கு முக்காமல் கழிவதே பெரிய ஆறுதல் என்பது வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தெரியும். அதோடு, அம்மா இந்த மாதங்களில் கீரையும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என் வலியைப் பொறுத்தவரை, கட்டுப் போட்ட சிறிது நேரத்தில் இழுத்துப் பிடிப்பது தளர்ந்து நிம்மதியாகப் படுக்க முடிகிறது. அந்த நிம்மதி எண்ணெயால் வருகிறதா, சூட்டால் வருகிறதா என்று அறிய, அடுத்தடுத்த மாதங்களில் எண்ணெய் இல்லாமல் வெந்நீர்ப் பையை மட்டும் வைத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மாதவிடாய் வலிக்கு வெப்பம் உதவும் என்பது நன்கு ஆராயப்பட்ட செய்தி. சுமார் 39 டிகிரி செல்சியஸ் இளஞ்சூட்டை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்தபோது இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரைக்கு இணையான நிவாரணம் கிடைத்ததாக 2001-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே இந்தப் பெட்டியில் வேலை செய்வதில் பெரும்பங்கு, பெட்டியில் இல்லாத வெந்நீர்ப் பையுடையது என்பதே என் கணிப்பு.

பெட்டியோடு வந்த தாள்தான் என்னை மிகவும் வருந்தச் செய்தது. கல்லீரல் நச்சு வெளியேறும், கர்ப்பப்பைக் கட்டி கரையும், சினைப்பை நீர்க்கட்டி மறையும் என்றெல்லாம் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். விளக்கெண்ணெயைக் குடித்தால் பேதியாவதன் காரணம் தெளிவாக அறியப்பட்டது: குடலில் செரிமானமாகும்போது பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது. வயிற்றின் மேல் போட்ட துணி, உள்ளே இருக்கும் கட்டியைக் கரைக்கும் என்பதற்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. இந்தத் தாளை நம்பி ஸ்கேன் எடுப்பதை ஒரு பெண் சில மாதங்கள் தள்ளிப்போட்டால், அந்த இழப்புக்கு யார் பொறுப்பேற்பார்கள்? இம்முறை முழுவதும் இந்தியப் பாரம்பரியம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆமணக்கு நமக்குப் புதிதன்று; ஆமணக்கு இலையை வதக்கி வீக்கத்தில் கட்டுவதும், வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் குழந்தையின் வயிற்றில் போடுவதும் நம் வீடுகளில் இருந்த வழக்கம். ஆனால் ஃபிளானல் துணியும் மேற்சூடும் சேர்ந்த இந்தக் கட்டைப் பரப்பியவர், மருத்துவப் படிப்பில்லாத எட்கர் கேசி என்ற அமெரிக்கர். தூக்கம் போன்ற நிலையில் இருந்தபடி உடல்நல ஆலோசனை சொல்லிவந்த அவர் 1945-இல் மறைந்தார்.

யார் போடக் கூடாது என்பதைத் தாளில் பொடி எழுத்தில், கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள்; அது முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். புண்ணோ வெடிப்போ உள்ள தோலின் மேல் போடக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு அதிகமாவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். வலப்பக்க அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது எண்ணெயைத் தேடாமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், வயதானவருக்கு மலப்போக்கு திடீரென்று மாறினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெட்டி எண்ணெய் தீர்ந்த பிறகு, வீட்டுக்கு அருகில் உள்ள மரச்செக்குக் கடைக்குச் சென்றேன். விளக்கெண்ணெய் என்றதும் கடைக்காரர், "வெளக்கேத்தவாம்மா, ஒடம்புக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மிக அவசியமானது. தீப எண்ணெய் என்று விற்கப்படும் புட்டிகளில் பல எண்ணெய்கள் கலந்திருக்கும், அவற்றைத் தோலில் போடக் கூடாது. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் சிலர் எண்ணெயையும் அஞ்சுகிறார்கள். அது நீரில் கரையும் புரதம். எண்ணெயில் கலக்காமல் பிண்ணாக்கில் தங்கிவிடும். ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாக இடுவது அதனால்தான். கடையில் வாங்கிய அரை லிட்டர், பெட்டியில் வந்த கால் லிட்டரைவிடக் கெட்டியாகவும் இளமஞ்சளாகவும், காறல் வாடை இல்லாமலும் இருந்தது. விலை இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. சாயம் போடாத வெள்ளை ஃபிளானல் ஒரு மீட்டர் வாங்கினால் இருவருக்குப் பல மாதங்களுக்குப் போதும். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்தாலும் அதே வேலையைச் செய்கிறது. பயன்படுத்திய துணியை மூடியுள்ள டப்பாவில் வைத்துச் சில முறை பயன்படுத்தலாம். காறல் வாடை வந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பெட்டியில் நான் விரும்பி வைத்துக்கொண்டது பட்டை ஒன்றைத்தான். அதை அந்த நிறுவனம் தனியாக விற்பதில்லை. விற்றால் முந்நூறு ரூபாய் வரை கொடுத்து வாங்கலாம். முழுப் பெட்டியை இந்த விலைக்கு வாங்கும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன்.