நாற்காலியா, மேசையா, நடையா: முதுகுக்காகக் காசு செலவழிக்குமுன்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சிங்கப்பூரில் கொரோனாவோடு முடிந்துபோகவில்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையே அலுவலகமாகிவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கூடவே இடுப்புவலியும் பிடரிவலியும் வந்து குடியேறிவிட்டன. அவற்றைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களுக்கும் குறைவில்லை: விலையுயர்ந்த நாற்காலி, உயரம் மாற்றும் மேசை, முதுகை நிமிர்த்தும் பட்டை, எலும்பியல் மெத்தை. இவற்றோடு போட்டியிட, காசே கேட்காத நடையும் இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில பத்து வெள்ளி, லேப்டாப் திரையை உயர்த்துவதற்கு. அடுத்து நேரம், காசு எது இருந்தாலும் உடம்பை அசைய வைப்பதற்கு. நாற்காலி மூன்றாவது. மற்றவையெல்லாம் வசதியிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த வரிசை என்று கேட்டால், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும் ‘கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார்’ என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்று அவருடைய அளவீடுகள் காட்டின. உட்கார்வதே முதுகுக்குக் கேடு என்ற எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. 1999இல் வெளியான ஆய்வொன்றில் ஜெர்மனியின் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் வட்டில் உணர்கருவி பொருத்தி, அவருடைய அன்றாட அசைவுகளின்போது அளந்தார்கள். இப்போது கதை மாறியது. தளர்வாக உட்கார்ந்திருந்தபோது அழுத்தம் நின்றபோது இருந்ததைவிடச் சற்றுக் குறைவு. நாற்காலியில் நன்றாகச் சரிந்து சாய்ந்திருந்தபோதோ ஏறத்தாழப் பாதி. ஒரே ஓர் ஆளின் முதுகு என்பதால் இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்ததற்காக யாரும் குற்றவாளிபோல் நெளிய வேண்டியதில்லை. எந்த நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் உறைந்துபோவதுதான் சிக்கல். ஒவ்வொரு பொருளையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இது என்னை அசைய விடுகிறதா, கட்டிப்போடுகிறதா?

நாற்காலியும் லேப்டாப் தாங்கியும்

லேப்டாப்பின் கோளாறு அதன் வடிவத்திலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் கண் கீழே போகும், கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கை மேலே போகும், தோள் இறுகும். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து ஹெர்மன் மில்லர் ஏரான் நாற்காலியை வாங்கிப் போட்டாலும் இந்த முரண்பாடு தீராது. தலை கீழே தொங்கும், அவ்வளவுதான். அழகான நாற்காலியில் தொங்கும், அதுவே வித்தியாசம்.

தாங்கி ஒன்று, தனி விசைப்பலகை ஒன்று, மவுஸ் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால் முரண்பாடு தீர்ந்தது. தாங்கிகூட வேண்டாம் என்பவர்கள் தடித்த புத்தகங்களையோ காலணி அட்டைப்பெட்டியையோ வைத்துக்கொள்ளலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றே கீழே. தூரம் கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் அளவு. ஒரு விதிவிலக்கு உண்டு, நாற்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க: பைஃபோக்கல் அல்லது புரோகிரெசிவ் கண்ணாடி போட்டிருந்தால் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயை உயர்த்திக்கொண்டே இருப்பீர்கள். பிடரிவலி அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

சரி, அப்படியானால் நாற்காலி வீணா? இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருவது யாருக்கும் தண்டனைதான். ஆனால் நல்ல நாற்காலி என்பதை விலைச்சீட்டு சொல்லாது, உங்கள் உயரம்தான் சொல்லும். பெரிய வெளிநாட்டு நிறுவனங்களின் நாற்காலிகளில் பல நெடிய ஆட்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஐந்தடி உயரமுள்ள நம் பெண்கள் அதில் உட்கார்ந்தால், முதுகு சாய்மானத்தைத் தொடும்போது கால் அந்தரத்தில் நிற்கும். காலைத் தரையில் ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை உட்காருமளவு இடம் மிஞ்சும். கடையில் பார்க்க வேண்டியது இதுதான்: முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும்போது இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சாய்மானம் பின்னால் போய்த் திரும்ப வேண்டும். அலெக்சாண்ட்ராவிலோ தெம்பனிசிலோ உள்ள ஐக்கியாவுக்குப் போனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வராதீர்கள். துணைக்கு வந்தவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள்.

மேசை உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. சாப்பாட்டு மேசை சாதாரணமாக 75 செ.மீ. அளவில் இருக்கும். குள்ளமானவர்கள் தட்டச்சு செய்ய அது உயரம். நாற்காலியை ஏற்றி, காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுவிட்டால் சரியாகிவிடும். நிறைய வீடுகளில் அது ஏற்கெனவே சமையலறையில் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்கும் ‘கேமிங்’ நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தயக் கார் இருக்கையின் வடிவம் அது. வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் இருபக்கமும் நழுவாமல் இருக்கத்தான் அந்தப் பக்கவாட்டுத் திண்டுகள். வீட்டில் யாரும் வளைவில் திரும்பப்போவதில்லை. கழுத்துத் தலையணை வேறு பலருக்குத் தலையை முன்னால் தள்ளிவிடும்.

நிற்கும் மேசை

மின்விசையால் உயரும் மேசை இப்போது சில நூறு வெள்ளிக்கே கிடைக்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதில் இது வேலை செய்கிறது என்பது உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வின்படி, இத்தகைய மேசைகள் அலுவலகத்தில் உட்காரும் நேரத்தை நாளொன்றுக்கு 84 முதல் 116 நிமிடம் வரை குறைத்திருக்கின்றன. சான்றின் தரம் குறைவு என்றும் அந்த ஆய்வே சொல்லிவிடுகிறது. உட்காருவது குறைந்தால் முதுகுவலியும் அதே அளவு குறையும் என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது.

நிற்பதே மருந்து என்றால் தேக்காவில் காலையிலிருந்து இரவு வரை கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் கடைப் பணியாளருக்கும், உணவங்காடியில் அடுப்பைவிட்டு நகர முடியாத அக்காவுக்கும், கூட்டுரிமை வீட்டு வாசலில் நிற்கும் பாதுகாவலருக்கும் இடுப்புவலியே வந்திருக்கக் கூடாது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாற்காலியில் உறைவதை விட்டுவிட்டு நின்றபடி உறைவதில் லாபம் எதுவும் இல்லை. இந்த மேசையின் மதிப்பு அதன் பொத்தானில் இருக்கிறது. அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை அமுக்குபவருக்கு அது நல்ல முதலீடு. ஒரு மாதத்தில் பொத்தானை மறந்துவிடுபவருக்கு அது விலைகூடிய சாதாரண மேசை.

எந்த ரகம் என்று வாங்குமுன் தெரிந்துகொள்ள ஒரு வழி: வீட்டில் துணி இஸ்திரி போடும் பலகை இருக்கிறதே, அதை முழங்கை உயரத்துக்கு ஏற்றி, தொலைபேசிக் கூட்டங்களை மட்டும் அங்கே நின்றபடி ஒரு வாரம் முடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மேசை வாங்கலாம். இல்லையென்றால் சட்டையாவது மடிப்பில்லாமல் இருக்கும்.

முதுகை நிமிர்த்தும் பட்டையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் அந்தப் பட்டை கழற்றும் வரை நிமிர்த்தி வைக்கும், கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே போய்விடும். என் கேள்விக்கு அது தரும் பதில் தெளிவானது: கட்டிப்போடுகிறது. இடுப்பில் கட்டும் பட்டைக்கு வலியைத் தடுக்கும் சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி அடுத்து.

நடையும் உடற்பயிற்சியும்

கடைக்காரர் யாரும் இதற்கு விளம்பரம் செய்யமாட்டார், ஆனால் தடுப்பு என்று வரும்போது கையில் இருக்கும் வலுவான சான்று இந்தப் பக்கம்தான். 2016இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த தொகுப்பாய்வு, 21 ஆய்வுகளில் பங்கேற்ற 30,850 பேரின் தரவுகளை அலசியது. உடற்பயிற்சி மட்டும் இடுப்புவலி வரும் வாய்ப்பை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. உடற்பயிற்சியோடு முதுகைப் பற்றிய அறிவுரையும் சேர்ந்தபோது 45 விழுக்காடு. அறிவுரை மட்டும் கொடுத்தால் பயன் தெரியவில்லை. இடுப்புப் பட்டைக்கும் காலணி உள்தட்டுக்கும்கூட அதே கதிதான்.

2024இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் எளிமையானது. இடுப்புவலி வந்து அண்மையில் குணமானவர்கள் 701 பேர். ஒரு பாதியினர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து முறை, அரை மணி நேரம் என்பது இலக்கு. மறுபாதியினருக்கு எதுவும் இல்லை. வலி திரும்பி வருவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்ப ஆன காலம், நடக்காதவர்களுக்கு 112 நாள், நடந்தவர்களுக்கு 208 நாள். எந்த நாற்காலி விற்பனையாளராவது தன் பொருளுக்கு இப்படி ஓர் எண்ணைக் காட்டினால் நானே வரிசையில் நிற்பேன்.

‘இந்த வெயிலில் நடப்பதா?’ என்பது நியாயமான கேள்வி. இங்கே பொழுது விடிவதே ஏறத்தாழ ஏழு மணிக்கு. அதற்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பூங்கா இணைப்புப் பாதைகள் நன்றாகவே இருக்கும். மழை வந்தால் எம்ஆர்டி நிலையத்துக்கும் புளோக்குகளுக்கும் இடையிலுள்ள கூரையிட்ட நடைபாதை போதும். வேலை முடிந்து வரும்போது இரண்டு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்குவது தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லாத வழி. தசைக்கு வலுவூட்ட விரும்பினால் அரசின் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கின்றன. பெரும்பாலான தனியார் கூடங்களின் மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் நுழைவுக் கட்டணம் ஒன்றுமேயில்லை.

ரயிலில் கைப்பேசி பார்ப்பதும் இந்தக் கணக்கில் வருகிறது. நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் போட்ட கணக்கு இணையமெங்கும் சுற்றியது: நேராக இருக்கும்போது ஐந்து கிலோ அளவில் இருக்கும் தலையின் பாரம், 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோவாகிறது என்று. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, யாருடைய வலியையும் அளந்தது அல்ல. குனிந்து பார்ப்பதற்கும் கழுத்துவலிக்கும் உள்ள தொடர்பைப் பிறகு வந்த ஆய்வுகள் ஒரேமாதிரி காட்டவும் இல்லை. அதனால் பயப்பட வேண்டாம். ஒரு கையால் மறுமுழங்கையைத் தாங்கி, கைப்பேசியை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் வரை போகிறவர்கள் நடுவில் நாலு முறை நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தால் இன்னும் நல்லது.

மெத்தையா பாயா

நம் வீடுகளில் ஓயாத சண்டை இது. ‘தரையில் பாய் விரித்துப் படு, எல்லாம் சரியாகிவிடும்’ என்பது பெரியவர்கள் கட்சி. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடத்தி 2003இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் வலியைக் கூடுதலாகக் குறைத்தது. பாய் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை என்பதையும் பெரியவர்கள் சார்பில் சொல்லிவிட வேண்டும். பாயில் தூங்கி எழுந்து வலியில்லாமல் இருப்பவரை மெத்தைக்கு மாற்ற எந்தக் காரணமும் இல்லை. ‘எலும்பியல்’ என்று உறையில் அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதற்கும் காரணம் இல்லை.

யாரிடம் போவது

தடுப்பையும் மீறி வலி வந்துவிட்டால் போட்டி வேறு: இயன்மருத்துவர், உடம்பை நீவி அழுத்தும் சீன மருத்துவத்தின் துய் நா, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதாகச் சொல்லும் கைரோபிராக்டர். சிங்கப்பூரில் இயன்மருத்துவர்களும் சீன மருத்துவர்களும் சட்டப்படி பதிவுபெற வேண்டியவர்கள்; துய் நா மட்டும் செய்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இயன்மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டின் துணைச் சுகாதார நிபுணத்துவச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள், சீன மருத்துவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கைரோபிராக்டர்களுக்கு அப்படி ஒரு பதிவுச் சட்டம் இல்லை. நல்லவர்கள் இருக்கலாம், ஆனால் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. முதல் வருகையிலேயே பல மாதத் தொகுப்பை விற்கப் பார்த்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து இயன்மருத்துவருக்குப் பரிந்துரை வாங்குவது பலருக்குச் செலவு குறைந்த வழி. காத்திருக்க வேண்டியிருக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காலில் பலம் குறைந்துகொண்டே போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், தொடையிடுக்கில் மரத்துப்போனால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறையும்போது வரும் வலி, இதற்கு முன் புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புது வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும். அப்போது யாராவது நீவிவிடுகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.