ஓய்வுபெற்ற படைவீரரின் நாரிநோவும் கல்லடியில் நடந்த மதிப்பீடும்

சம்மாந்துறையைச் சேர்ந்த என் பாடசாலைக் காலத்து நண்பர் 22 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முதுகுப்பையும் குண்டு துளைக்காத அங்கியும் சுமந்து திரிந்த நாட்களில் தொடங்கிய நாரிநோ (கீழ்முதுகு வலி), சேவையை விட்டு வந்த பின்பும் அவரை விட்டபாடில்லை. 3 மாதங்களைத் தாண்டியதை நாட்பட்ட நோ என்பார்கள். அவருடையதற்கு 9 வயதாகிறது. சென்ற மாதம் அவரையும் அவருடைய மகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு கல்லடியிலுள்ள ஒரு தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்துக்குப் போனேன். குறையும் சொல்லவேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆகவே முதல் நாள் நடந்த மதிப்பீட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் உண்டா, தொடையிடுக்கில் மரத்துப்போகிறதா, காரணமின்றி உடல் மெலிகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று இயன்மருத்துவர் முதலில் கேட்டார். இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றிருந்தாலும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பியிருப்பார். நண்பர் பொலித்தீன் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்த எம்.ஆர்.ஐ. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். நோவே இல்லாத 50 வயதினரில் ஏறத்தாழ 60 சதவீதமானோருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பது படத்தில் தெரியும் என்று 2015இல் வெளிவந்த ஒரு மீளாய்வு கூறுகிறது. படத்தைவிட நடையைப் பார்ப்பது ஏன் என்பதை அவர் பொறுமையாக விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து, நாரிநோ அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்பதை அளக்கும் ஒஸ்வெஸ்ட்ரி வினாக்கொத்து. தூக்குதல், நடத்தல், இருத்தல், நிற்றல், உறக்கம், பயணம் என 10 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. தாம்பத்தியம் பற்றிய பகுதியை நண்பர் வெறுமையாக விட, மீதி 9 பகுதிகளுக்கு 45 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். கிடைத்தது 8 புள்ளி, அதாவது 18 சதவீதம். இந்த அளவுகோலின்படி அது மிகச் சிறிய இயலாமை. அருகிலிருந்து தாளை எட்டிப் பார்த்த மகளுக்குப் பொறுக்கவில்லை. “வாப்பா, போன வருஷத்திலிருந்து கதிரையில இருந்துதானே தொழுறீங்க? வரும்போதும் இருக்க ஏலாம களுவாஞ்சிக்குடியில பஸ்ஸால இறங்கி நின்றீங்களே!” என்றாள். திருப்பி எழுதியபோது 16 புள்ளி, 36 சதவீதம் வந்தது. நோகிறது என்று சொன்னால் இலகு பணிக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் சேவையில் இருந்தவரை வாயை மூடியிருந்தவர், படிவத்துக்கும் அதே பதிலைத்தான் கொடுத்திருக்கிறார். படைவீரரை மதிப்பிடுபவர் அவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பக்கூடாது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அந்த இளம் இயன்மருத்துவர் இதை என்னைவிட முன்னரே அறிந்திருந்தார் போலும். “ஐயா, முகாமில பரிசோதனைக்கு நிற்கிற மாதிரி நிற்காதீங்க, வீட்டில நிற்கிற மாதிரி நில்லுங்க” என்று சொல்லி, நாரியில் பேனாவால் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரு கோடுகளிட்டு, குனியச் சொல்லி நாடாவால் அளந்தார். 20ஐத் தாண்டவேண்டிய இடைவெளி 18இல் நின்றது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து 5 தடவை எழுந்து இருக்க அவருக்கு 19 விநாடிகள் பிடித்தன. பின்னர் முதுகுத் தசைகளின் தாங்குதிறனை அளக்கும் சோரன்சன் சோதனை: குப்புறப் படுக்கவைத்துக் கால்களைக் கட்டிலோடு பட்டியால் கட்டி, இடுப்புக்கு மேற்பட்ட உடலை விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் நேராகப் பிடிக்கச் சொல்வார்கள். உச்ச வரம்பு 240 விநாடிகள். பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டு நண்பர் 41 விநாடிகள் தாக்குப்பிடித்தார். மூச்சை அடக்கியதையும் இயன்மருத்துவர் தாளில் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது. தரையில் பாய் விரித்து, தொழுகையில் குனிவதையும் நெற்றி நிலத்தில் படுவதையும் செய்துகாட்டச் சொன்னார். நண்பர் குனிந்தார், முழங்காலிட்டு இறங்கும்போது வலக்கையை நிலத்தில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். முகம் வியர்த்திருந்தது. எது தடுக்கிறது என்று கேட்டதற்கு, “நோகிறதைவிட, மச்சான், முறிஞ்சிடுமோ என்று பயம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இயன்மருத்துவர் அதற்கும் தனியாக ஒரு வினாத்தாள் கொடுத்தார். அசைவைக் கண்டு அஞ்சுவதை அளக்கும் 17 வாக்கியங்கள் கொண்டது அது. கதிரையில்லாமல் தொழுவது என்பதையே சிகிச்சையின் முதல் இலக்காக எழுதினார்கள். கடைசியாக 10 கிலோ மணல் போட்ட பாடசாலைப் பையை முதுகில் மாட்டி 6 நிமிடம் நடக்கவிட்டார்கள். பழைய பழக்கம், அதில் மட்டும் நண்பர் சளைக்கவில்லை.

இனிக் குறைகள். நாரிநோக்காரர் ஏறி வரவேண்டிய இடத்தை மேல்மாடியில், கைபிடி ஆடும் 17 படிகளுக்கு மேலே வைத்திருப்பது என்ன யோசனையோ தெரியவில்லை. வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. நானே வாய்மொழியாகத் தமிழாக்கிச் சொன்னேன். நான் போயிருக்காவிட்டால் அவர் கண்ட இடத்தில் அடையாளமிட்டிருப்பார். நடைச் சோதனைக்கு உள்ளே இடமில்லாமல் வெளி விறாந்தையில், காத்திருப்போர் முன்னால் நடக்கவிட்டதும் சரியில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு 3,000 ரூபாய் எடுத்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

6 வாரங்கள் கழித்து இதே சோதனைகளை இதே ஒழுங்கில் மீண்டும் செய்வார்களாம். ஒஸ்வெஸ்ட்ரி அளவு 36 சதவீதத்திலிருந்து 26க்காவது இறங்கினால்தான் முன்னேற்றம் என்று எடுப்பார்களாம். அன்றைக்காவது கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒழுங்குசெய்து தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.