பெயரில்லாத பழைய ஸ்பீக்கர்கள்: சில வருடம் கேட்ட பிறகு

பழைய ஸ்பீக்கர் பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லையென்றால் பலரும் நேராகக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோனும் (முன்னால் அதிரும் கூம்பு), அதன் பின்னால் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது, கேட்டால் நிறையக் கிடைக்கும்.

எங்கள் வீட்டு ஜோடி 80களில் ஊர் ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்தது. பிளைவுட் பெட்டி, கனத்த ஒலிக்கு 8 அங்குல பேப்பர் கோன் ஊஃபர், கீச்சு ஒலிக்கு ஒரு சின்ன ட்வீட்டர். உதிரி பாகங்களைச் சேர்த்துச் செய்த அசெம்பிள் செட் காலத்தில் இப்படிப் பெட்டி அடித்துக் கொடுத்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். பெயர் போடும் வழக்கமே அவர்களுக்கு இல்லை.

முதலில் கோனின் ஓரத்தைப் பாருங்கள். ஃபோம் ஓரம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடங்கள் போகப் போக விரல் பட்டாலே உதிரும். துணி ஓரமும் மடிப்பு வைத்த பேப்பர் ஓரமும் தாங்கும், எங்களுடையது துணி. அடுத்து இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்த வேண்டும். கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் இடம் மாறியிருக்கிறது. அப்புறம் மல்டிமீட்டரால் காயிலின் மின்தடையை, அதாவது ஓமை, அளக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டும், 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கும். இந்த அளவு தெரியாமல் ஆம்ப்ளிஃபையரில் மாட்டாதீர்கள். 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்பில் 4 ஓம் பெட்டியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் சூடேறிப் பழுதாகலாம்.

பிளஸ், மைனஸ் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு பெட்டியில் மட்டும் முனை மாறியிருந்தாலும் பேஸ் (கனத்த ஒலி) காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.

நான் மாற்றியது, ட்வீட்டருக்குக் கனத்த ஒலி போகாமல் தடுக்கும் கண்டன்சர் மட்டும்தான். பழைய எலக்ட்ரோலிடிக் வகைக் கண்டன்சர் காலப்போக்கில் உலர்ந்து மதிப்பு மாறிவிடும். அதே மைக்ரோ ஃபாரட் அளவில் ஃபிலிம் கண்டன்சர் போட்டேன், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும். ஜால்ராவும் வயலினும் அன்றே தெளிந்தன.

இப்போது டிவியும் பாட்டும் இதில்தான். பேப்பர் கோன் லேசானது என்பதால் சின்ன ஆம்ப்பே போதுகிறது. மனிதக் குரல், வீணை, நாதஸ்வரம் மூன்றும் அருமை. வசனம் கேட்க சத்தத்தைக் கூட்ட வேண்டியதே இல்லை. ஆழமான பேஸ் வராது. புதுப் படங்களின் குண்டு வெடிப்புக்கு இது சரிப்படாது, அதற்காக பேஸ் குமிழை முழுவதும் திருகினால் காயில் அடிபடும்.

மாமா வீட்டுப் பெட்டிகளின் கதை வேறு. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிவிட்டது, ஆனால் உள்ளே ஸ்பீக்கர்கள் பழுதில்லை. கழற்றி வைத்திருக்கிறோம். பழைய பெட்டியின் உள்ளளவை அப்படியே எடுத்து ஆசாரியிடம் கொடுத்தாயிற்று. உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறினால் பேஸும் மாறிவிடும். பிளைவுட் வந்ததும் வேலை ஆரம்பம்.