லேபிள் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? விற்பவரின் லேப்டாப்பில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்

மசாலாப் பொடி, ஊறுகாய், தின்பண்டம் என்று சிறிய அளவில் தயாரித்து விற்பவர்கள் கவனத்துக்கு. "உங்களுக்கென்றே லேபிள் டிசைன் புரோகிராம் செய்து தருகிறோம், பிரிவ்யூவில் பார்த்துவிட்டு அப்படியே பிரிண்ட் அடிக்கலாம்" என்று யாராவது வந்தால், அவர் தன் லேப்டாப்பில் காட்டுவதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஈரோட்டில் பொடி வியாபாரம் செய்யும் என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் ஆளின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம்.

அக்கா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. 75 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் பொடியின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், ஒரு பார்கோடு. இதற்கு 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு டெல்ஃபியில் எழுதிய ஒரு புரோகிராமைக் கொடுத்தார்கள். டெல்ஃபி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1995இல் போர்லாண்ட் கம்பெனி கொண்டுவந்த, புரோகிராம் எழுதும் கருவி அது. நானும் பல வருடம் அதில்தான் வேலை பார்த்தேன், ஒழுங்காக எழுதினால் இன்றைக்கும் நன்றாகவே ஓடும். அக்கா கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து பார்க்க முடிந்ததும் அதனால்தான்.

திரையில் பிரிவ்யூ அருமையாக இருந்தது. பிரிண்ட் கொடுத்தால் மொத்த லேபிளும் சுருங்கி ஸ்டிக்கரின் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 75 மி.மீ. இருக்க வேண்டியது 35 மி.மீ. சொச்சம்தான் இருந்தது. எம்ஆர்பியைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். பொட்டலப் பொருள் விதிகளில் எண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு, இப்படி ஒட்டி விற்றால் அபராதம் கட்டப்போவது அக்காதான்.

போன் செய்தால் அந்த ஆள் கூசாமல் சொன்னது: "பிரிண்டர்லதானுங்க்கா கோளாறு. 300 டிபிஐ மாடல் ஒண்ணு நம்ம கடையிலயே இருக்குது, மாத்திட்டா சரியாயிடுமுங்க."

பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. விண்டோஸ் திரையில் வழக்கமான கணக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி (இதைத்தான் டிபிஐ என்கிறோம்). அக்காவின் தெர்மல் பிரிண்டரில் அங்குலத்துக்கு 203 புள்ளி. திரைக்குப் போட்ட பிக்சல் கணக்கை மாற்றாமல் அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினால், 75ஐ 96ஆல் பெருக்கி 203ஆல் வகுத்த அளவுதான் வரும். அதுதான் அந்த 35. அவர் பேச்சைக் கேட்டு 300 டிபிஐ பிரிண்டர் வாங்கியிருந்தால் லேபிள் இன்னும் சுருங்கி 24 மி.மீ. ஆகியிருக்கும்! தவறு தன் புரோகிராமில் இருக்க, புதுப் பிரிண்டரை விற்கப் பார்த்த அந்தத் துணிச்சலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டெல்ஃபி தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா அளவையும் மி.மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரின் டிபிஐயை கெட்டிவைஸ்கேப்ஸ் (GetDeviceCaps) மூலம் லாக்பிக்செல்ஸ்எக்ஸ், லாக்பிக்செல்ஸ்ஒய் என்று அதனிடமே கேட்டு, அச்சிட முடியாத ஓரத்தையும் கழித்துவிட்டு வரைந்தால் வேலை முடிந்தது.

நான் இதை விளக்கிச் சொன்ன பிறகு 'சரி பண்ணிவிட்டோம்' என்று புது ஃபைல் அனுப்பினார்கள். அளவு சரியாக வந்தது, ஆனால் பார்கோடு செத்துப்போனது. திரைப் படத்தை அப்படியே இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக இழுத்திருந்தார்கள். அதனால் ஒரே தடிமனில் இருக்க வேண்டிய கோடுகளில் ஒன்று இரண்டு புள்ளியாகவும் இன்னொன்று மூன்று புள்ளியாகவும் விழுந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். கடைப் பொருள்களில் வழக்கமாக வரும் 13 இலக்க இஏஎன்-13 பார்கோடில் மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மி.மீ. இந்தப் பிரிண்டரின் ஒரு புள்ளி 0.125 மி.மீ. ஆகவே முழுதாக மூன்று புள்ளி, அதாவது 0.375 மி.மீ. என்று வைத்து வரைய வேண்டும். அது அனுமதித்த அளவுக்குள்தான் வருகிறது. இதைச் செய்யாததால் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போன சரக்கு பில் போட முடியாமல் பெட்டியோடு திரும்பி வந்தது.

தமிழ்ப் பெயரிலும் ஏமாற்றுத்தான். டெமோவில் 'சாம்பார் பொடி' என்று அழகாகத் தெரிந்தது வெறும் படம். நாம் தட்டச்சு செய்தால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வந்தது. காரணம், புரோகிராமை டெல்ஃபி 7இல் எழுதியிருந்தார்கள். டெல்ஃபியின் திரைக் கருவிகள் முழுக்க யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் முறைக்கு) மாறியது டெல்ஃபி 2009இல்தான். "பாமினி ஃபாண்டில் அடிச்சுக்குங்க" என்று பதில் வந்தது. பொடி அரைக்கும் அக்கா இதற்காக பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத ஃபாண்டின் விசைப்பலகையைப் படிக்க வேண்டுமாம்.

இதையெல்லாம்கூட வேலை தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படி அல்ல. அக்காவின் கம்ப்யூட்டரில் பிரிவ்யூவைத் திறந்தால் அடிக்கடி ஒரு பெட்டி வந்து, 'இது சோதனைப் பதிப்பு, டெல்ஃபி திறந்திருந்தால்தான் ஓடும்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அந்த ஆள் லேப்டாப்போடு நேரில் வந்தார். "பாருங்க, எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று காட்டினார். கீழே டாஸ்க்பாரில் டெல்ஃபி திறந்து கிடந்தது. "தம்பி, அதை மூடிட்டு ஒருதரம் ஓட்டுங்க" என்றேன். கொஞ்சம் தயங்கினார். மூடினார். அக்காவின் கம்ப்யூட்டரில் வந்த அதே பெட்டி அவர் லேப்டாப்பிலும் வந்தது.

அதாவது, அச்சு வேலைக்கான காம்பொனென்ட்டை (வேறொருவர் எழுதி விற்கும், நம் புரோகிராமுக்குள் சேர்த்துக்கொள்ளும் பகுதி) காசு கொடுத்து வாங்காமல், இலவசச் சோதனைப் பதிப்பை வைத்தே கட்டி விற்றிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பதிப்புகள் பல, பின்னணியில் டெல்ஃபி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும். விற்பவரின் கம்ப்யூட்டரில் எப்போதும் ஓடும், வாங்கியவரிடம் ஒழுங்காக ஓடாது. டெமோவை ஏன் எப்போதும் தன் லேப்டாப்பிலேயே காட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'சாஃப்ட்வேருக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டுக் கேட்டு, கடைசியில் கிடைத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. நல்லவேளையாகப் பணம் போனது ஜிபேயில், பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியதற்கு நுகர்வோர் வழக்கு நிற்காது என்று மிரட்டியும் பார்த்தார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்கு அந்தத் தடையிலிருந்து 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டுத்தான் நோட்டீஸ் அனுப்பினோம்.

இப்போதைக்கு அக்கா, பிரிண்டரோடு இலவசமாக வந்த டிசைன் புரோகிராமிலேயே லேபிள் அடிக்கிறார். பார்கோடு படமாகப் போகாமல் கட்டளையாகப் போய் பிரிண்டரே வரைவதால் கோடுகள் சுத்தமாக விழுகின்றன. உங்கள் பிரிண்டரோடு வந்த சிடியையோ அந்தக் கம்பெனியின் இணையதளத்தையோ முதலில் பாருங்கள், காசு செலவே தேவைப்படாமல் போகலாம். தனியாகத்தான் எழுதி வாங்க வேண்டும் என்றால், உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் பிரிண்டரில், உங்கள் ஸ்டிக்கர் ரோலில் அடித்துக் காட்டச் சொல்லி ஸ்கேலும் ஸ்கேனரும் வைத்துப் பாருங்கள். தமிழில் நீங்களே ஒரு பெயரைத் தட்டச்சு செய்து பாருங்கள். காம்பொனென்ட் உரிமத்தின் ரசீதையும் சோர்ஸ் கோடையும் (புரோகிராமை எழுதிய மூல வரிகள்) கையில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.