ஆமைக்குக் கால்சியம் என்று மாவை விற்கிறார்கள்: நெல்லைக்காரர்கள் கவனிக்க

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை, டவுன் பக்கம் வீட்டில் ஆமை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேபிள் எதுவும் ஒட்டாத கவரில் வெள்ளைப் பொடியைக் கட்டி, "ஆமைக் கால்சியம்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். புல் தின்கிற ஆமைக்குப் புழு போடச் சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். எங்கள் வீட்டுக் குட்டி இந்த இரண்டாலும் படாத பாடு பட்டுவிட்டது.

எங்களிடம் இருப்பது ஆப்பிரிக்க சல்கேட்டா. அத்தான் வேலைக்காக மஸ்கட் போனபோது எங்களிடம் விட்டுப்போனது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்த காகிதம் உண்டு, எங்கள் பெயருக்கும் மாற்றியாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் சத்துக்கும் என்ன வாங்கலாம் என்று கேட்கத்தான் நகரத்தில் வளர்ப்புப் பிராணிகள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "யக்கா, வெறும் புல்லைப் போட்டா ஓடு எங்கன கெட்டியாவும்? புழு போடணும்லா. புழுவ இந்தப் பொடியில புரட்டிக் குடுங்க, ஓடு மேடு மேடா வராம வழுவழுன்னு வளரும்." ஒரு டப்பா மீல்வார்ம், நூறு கிராம் பொடி 350 ரூபாய். புழு தீரத் தீர வாரம் ஒரு டப்பா. "இதுல வைட்டமின் டி3யும் சேர்த்திருக்கு, வெயில்ல வைக்கணும்னு அவசியமில்ல" என்றும் சொன்னார். கவரின் மேல் பெயர் இல்லை, தேதி இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குட்டி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கிடந்தது. தை பிறந்த பிறகு நடையில் வித்தியாசம் தெரிந்தது. சாதாரணமாக ஆமை நான்கு காலையும் ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கித்தான் நடக்கும். இது வயிற்றை இழுத்துக்கொண்டு போனது. கையில் எடுத்து அடி ஓட்டில் பெருவிரலை வைத்தேன். லேசாக அமுங்கியது. அந்த வயதுக் குட்டிக்கு அப்படி அமுங்கவே கூடாது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கால்சியம் போதாமல் எலும்பு நொய்ந்துவிட்டது என்றார். "கால்சியம்தான் தினமும் கொடுக்கிறோமே டாக்டர்" என்று பொடியையும் புழு டப்பாவையும் மேசையில் வைத்தேன். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தவர், "இது எங்க வாங்குனதும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி என் மகள் அந்தப் பொடியில் கொஞ்சம் ஒரு தட்டில் கொட்டி வினிகர் விட்டுப் பார்த்தாள். கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கவே இல்லை, கூழாகக் குழைந்தது. பிறகு, புண்ணுக்குப் போடுகிற பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலக்கி ஒரு சொட்டு விட்டாள். பழுப்பு நிறத்தில் விழுந்த சொட்டு கண் முன்னாலேயே மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி கருநீலமாகப் பரவியது. அயோடின் அப்படி நிறம் மாறினால் அதில் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிற சோதனைதான். மைதாவோ சோளமாவோ, எதுவென்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. எலும்பு தேயத் தேய ஒரு சின்ன உயிருக்கு மாவைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வினிகரில் பொங்கினால் பொடி நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், சுண்ணாம்புக்கல் கோலப்பொடியும் பொங்கும். பொங்காவிட்டால் அது கால்சியம் கார்பனேட் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

புழு விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அந்தப் பேச்சு கேட்பதற்கு நியாயமாகப் படும். சல்கேட்டாவின் பூர்வீகம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட புல்வெளி. நார்ச்சத்து மிகுந்த புல்லைத் தின்று மெதுவாகச் செரிப்பதற்கென்றே அமைந்த குடல் அதற்கு. மீல்வார்மில் புரதமும் கொழுப்பும் அதிகம். அதோடு கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பாஸ்பரஸ் ஏறினால் உணவில் இருக்கிற கால்சியமும் உடம்பில் சேராது. அந்தக் குறையைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். அதனால்தான் புழுவைக் கால்சியத்தில் புரட்டிக் கொடுக்கும் வழக்கமே வந்தது, அதுவும் பல்லி, ஓணான் வகைகளை வளர்ப்பவர்களுக்காக. புரட்டுகிற பொடியே மாவு என்றால் மிஞ்சுவது பாஸ்பரஸ்தான். அளவுக்கு மிஞ்சிய புரதம் யூரிக் அமிலமாகிச் சிறுநீரகத்திலும் மூட்டிலும் படியும். தண்ணீர் சரியாகக் குடிக்காத ஆமைக்கு அது இன்னும் ஆபத்து.

புழு போட்டால் ஓடு மேடு மேடாக வராது என்பதும் சரியில்லை. சல்கேட்டாக் குட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. புரதத்தின் அளவைவிட, குட்டி வளரும் இடத்தின் ஈரப்பதம் குறைவதுதான் ஓடு கூம்பிப்போகப் பெரிய காரணம் என்று அதில் கண்டார்கள்.

எல்லா ஆமையும் ஒன்றல்ல. தென் அமெரிக்கச் செங்கால் ஆமை கொஞ்சம் பூச்சி, புழு தின்னும். தண்ணீர் ஆமைகளும் அப்படித்தான். எந்த வகை ஆமை என்றுகூடக் கேட்காமல் புழு டப்பாவை எடுத்து நீட்டுகிறவருக்கு உங்கள் ஆமையைப் பற்றி அக்கறை இல்லை.

கால்சியம் உடம்பில் சேர டி3 வேண்டும். ஆனால் கடைக்காரர் சொன்ன டி3 கதையும் பொய்தான். புற ஊதா பி கதிர் மேலே பட்டால் ஆமையின் தோலிலேயே டி3 உருவாகும். கண்ணாடி சன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே சன்னலோர வெயில் கணக்கில் வராது. நம் ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டாதது வெயில் ஒன்றுதான். காலை வெயிலில் முற்றத்திலோ மாடியிலோ விடுங்கள். பக்கத்தில் நிழலும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் விட்டால் செத்தே போகும்.

இப்போது எங்கள் குட்டிக்கு மருத்துவர் கொடுத்த கால்சியம் மருந்து போகிறது. சாப்பாடு பெரும்பாலும் அறுகம்புல், கூடவே செம்பருத்தி இலையும் பூவும். ராதாபுரத்திலிருந்து மதினி வரும்போதெல்லாம் சப்பாத்திக்கள்ளி மடல் கொண்டுவருவாள். முள்ளைத் தணலில் வாட்டிச் சீவிவிட்டுப் போடுவேன், அதில் கால்சியம் நிறைய உண்டு. பசலைக்கீரையை நிறுத்திவிட்டேன், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடித்துக்கொள்ளக் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கிடக்கும். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான் அது. உவரிப் பக்கம் கடற்கரையிலேயே ஒதுங்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். உப்புப் போக ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தகட்டைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள். சுண்ணாம்புச் சத்துத்தானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

கடைக்குத் திரும்பப் போய்த் தட்டை எடுத்துக் காட்டினேன். "மெட்ராஸ்லருந்தே இப்படித்தான்க்கா வருது" என்றார். பில் கேட்டதற்கு, "பொடிக்கெல்லாமா பில்லு போடுவாவ?" என்று சிரித்தார். உள்ளே நட்சத்திர ஆமைக் குட்டி இருப்பதாக ஒரு பையன் மெதுவாக வந்து சொன்னான். அதையும் எழுதிவிடுகிறேன்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விற்பவருக்கு மட்டும் இல்லை, வீட்டில் வைத்திருப்பவருக்கும் அதுதான்.

பொட்டலம் கட்டி விற்கிற பொருளின் மேல் கட்டியவர் பெயர், முகவரி, எடை, மாதம், வருடம், விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் ஜிபே அனுப்பிய பதிவு, கவரின் போட்டோ, மருத்துவர் சீட்டு எல்லாம் என் கையில் இருக்கிறது.

இதே மாதிரிப் பொடி உங்கள் வீட்டில் இருந்தால் ஆமைக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், பொடியைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கவரோடு அப்படியே ஒரு டப்பாவில் மூடி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். ஆமையின் அடி ஓட்டைத் தொட்டுப் பாருங்கள். அமுங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்குத் தூரமில்லை.