சுயசான்று கட்டட அனுமதி: சின்ன வீடு கட்டுபவர்களுக்கு எவ்வளவு பயன்?

தமிழக அரசின் ஒற்றைச்சாளர இணையதளத்தில் 2024 ஜூலை முதல் கிடைக்கும் சேவை இது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி என்றால், நீங்களே சான்றளித்துப் பணம் கட்டி உடனே அனுமதி எடுக்கலாம். முன்கூட்டியே யாரும் இடம் பார்க்க வரமாட்டார்கள். பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

கட்டணம்தான் யோசிக்க வைக்கிறது. மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று இருந்த கட்டட விதிகள் 2019இல் மாநிலம் முழுக்க ஒன்றாகிவிட்டன. மழைநீர் சேகரிப்பும் எங்கும் கட்டாயம். ஆனால் கட்டணம் மட்டும் உள்ளாட்சியைப் பொறுத்தது. திட்டம் தொடங்கியபோது அறிவித்த வீதத்தில் 600 சதுர அடி வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள். பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி: சதுர அடிக்கு 100 ரூபாய், ஆக 60,000. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சி: 84 வீதம் 50,400. ஊராட்சிகளில் அதிகபட்சமே 27தான், 16,200 ரூபாயில் முடிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், அதே செங்கல், அதே சிமென்ட். 300 சதுர அடியில் ஒற்றை அறை கட்டுபவருக்கும் 3,500 சதுர அடி கட்டுபவருக்கும் ஒரே வீதம் என்பது நியாயமாகப் படவில்லை. 500 சதுர அடிக்குள் கட்டுபவருக்காவது சலுகை தர வேண்டும்.

கட்டணம் குறைவான ஊராட்சியில் வேறொரு சிக்கல் உண்டு. வரம்பு வீட்டுக்கு மட்டுமல்ல, மனைக்கும்தான். நகரத்தில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, தாராளமாக உள்ளே வரும். கிராமத்தில் சென்ட் கணக்கு. ஐந்து சென்ட் 2,178 சதுர அடி, பிரச்சினை இல்லை. ஆறு சென்ட் என்றால் 2,614. அதில் நானூறு சதுர அடி வீடு கட்டினாலும் இந்த வழியில் போக முடியாது, வழக்கமான விண்ணப்பம்தான்.

பத்திரம் சதுர அடியில் இருக்கும், பட்டா ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 1,076 சதுர அடி. பட்டாவில் 2.32 ஏர் என்றால் 2,497, தப்பித்தீர்கள். 2.33 என்றால் 2,508, வரம்பு தாண்டியாயிற்று. பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து பட்டாவைச் சரிசெய்யுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது. அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்தாமல் இதில் இறங்கவே வேண்டாம். பொறுப்பு முழுக்க உங்கள் கையெழுத்தின் மேல் நிற்கிறது. தவறான தகவல் தந்தது தெரிந்தால் அனுமதி ரத்தாகும், அப்போது தளம் போட்டு முடித்திருந்தாலும் பேச இடமிருக்காது.

சென்னையைச் சுற்றி மனை தேடுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த சர்வே எண் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள். புரோக்கர் சொல்லும் ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம், சொத்துவரி ரசீதில் இருப்பதைப் பாருங்கள். ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் வேலை அவ்வப்போது நடப்பதால், போன வருட ரசீது போதாது, இந்த வருடத்தது வேண்டும்.