பல மையங்களா, ஒரே கூரையா: குவாண்டம் கணினித் துறையில் இந்தியாவும் பிரிட்டனும்

2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயுடன் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கம் (அணு, ஒளித்துகள் போன்ற மிக நுண்ணியவற்றின் இயல்பைக் கொண்டு புதுவகைக் கணினிகளையும் கருவிகளையும் உருவாக்கும் அரசுத் திட்டம்), பணியைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்தது. கணினி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும், தகவல் தொடர்பு சென்னை ஐஐடிக்கும், உணரிகள் மும்பை ஐஐடிக்கும், பொருட்களும் சாதனங்களும் டெல்லி ஐஐடிக்கும் சென்றன.

பிரிட்டனும் 2014-இல் பல்கலைக்கழகங்கள் தலைமையிலான நான்கு மையங்களுடன்தான் தொடங்கியது. ஆனால் கணினிக்கென இங்கிலாந்தின் ஹார்வெல்லில் தேசிய குவாண்டம் கணினி மையத்தைத் தனியே எழுப்பி, 2024 பிப்ரவரியில் ஏழு நிறுவனங்களுக்கு 3 கோடி பவுண்டு அளித்து, அயனிப் பொறி (மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பிடித்து வைப்பது), மீக்கடத்தி (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்), ஒளித்துகள் எனப் பல வகை முன்மாதிரி இயந்திரங்களை அங்கேயே நிறுவச் செய்தது. இதன் பயன் பெரிது. தனக்கெனக் குவாண்டம் இயந்திரம் வாங்க வசதியில்லாத மருந்து நிறுவனமோ வங்கியோ, தன் கணக்கு எந்த வகை இயந்திரத்துக்குப் பொருந்தும் என்பதை ஆய்வாளர்களுடன் அமர்ந்து சோதித்துப் பார்க்கலாம்.

இந்திய முறையின் வலிமை ஆள் வளம். ஆய்வு மாணவர்கள் நான்கு நகரங்களில் உருவாகிறார்கள். பெங்களூருவின் கியூபிஏஐ போன்ற புத்தொழில் நிறுவனங்களும் இயக்கத்தின் ஆதரவைப் பெறுகின்றன. பரந்த நாட்டுக்கு இந்தப் பரவல் தேவையே. ஆயினும், எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 குவிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) என்ற இயக்கத்தின் இலக்கை எட்டும் இயந்திரங்களில் ஒன்றையாவது, கோயம்புத்தூரின் சிறு மென்பொருள் நிறுவனமும் விண்ணப்பித்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.